ஸ்டாக் எடுக்கும் திங்கள்

திங்கட்கிழமை கடைக்கு லீவு.
எனக்கில்லை.
கியோங் சைக் சாலையில் ஷட்டரைப் பாதி இறக்கி
ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.
முக்கால். கால். அரைக்குச் சற்றுக் கீழே.
எழுதிக்கொள்கிறான் திருமேனி.
அலமாரியில் இரண்டு தட்டைக் கழற்ற வந்தவன்,
பட்டுக்கோட்டைக்காரன்.
டிரில்லுக்குச் சார்ஜ் ஏறும் வரை
சும்மா இருக்கத் தெரியவில்லை அவனுக்கு.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ஜின் மட்டும் நாற்பத்து மூன்று.

நான் சேர்ந்தபோது ஒன்றே ஒன்று இருந்தது.
பச்சைக் கண்ணாடி, கழுத்தெல்லாம் தூசி.
சுற்றுப்பயணிகள் அந்த ரோஜா நிறத்தைக் கேட்டால்
அன்னாசிச் சாற்றுக்குள் ஒளித்துக் கொடுப்போம்.
மற்றவர்களுக்கு விஸ்கி, அப்புறம் வோட்கா.
‘ஜினா? அது செத்த வெள்ளைக்காரன் சாராயம்’
என்பார் முதலாளி குவெக்.

சாவதும் எழுந்து வருவதும் அதற்குப் பழக்கம்.
டச்சுக்காரன் வயிற்றுவலிக்கென்று வடித்தான்.
லண்டன் சந்துகளில் பீரை விட மலிவாயிற்று.
பிள்ளையின் சட்டையை விற்றுக் குடித்தாள் தாய்
என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.
எழுதியவர்கள் ஒயின் குடித்தவர்கள்.
வரி போட்டார்கள், சட்டம் போட்டார்கள்,
தெருவில் அடிவாங்கிய அதே ஜின்
பிறகு தொப்பி மாட்டிக்கொண்டு கப்பலேறியது.

இங்கே வந்து ஒரே ஒரு மலாய்ச் சொல் கற்றது:
பாஹிட்.
கசப்பு.
‘பாய்! ஜின் பாஹிட்!’
பொழுது சாயும் முன் வராந்தாவில் ஒன்று,
கொய்னா கலந்த சோடாவில் இன்னொன்று.
மலேரியாவுக்கு மருந்தாம்.

கொசுவுக்கு வராந்தாவும் கூலி லயமும்
வேறு வேறென்று யார் சொல்வது?
காய்ச்சல் ஒன்றுதான், நடுக்கம் ஒன்றுதான்.
லயத்தில் கொய்னாவை வெறும் வாயில் விழுங்கினார்கள்.
கள்ளுக்கு அரசாங்கமே கடை வைத்திருந்தது.
மூடும் நேரம் பலகையில் இருக்கும்.

பத்து வருஷம் முன்பு
ஊருக்கே திடீரென்று ஜின் பித்துப் பிடித்தது.
தொழிற்பேட்டை மாடியில் செம்பு வாலை ஏற்றி,
பூங்கா கந்தான், செராய், பாண்டான் இலை,
ரசத்துக்கு வறுக்கிற கொத்தமல்லி விதை
எல்லாம் போட்டு வடித்து
‘நம் மண்ணின் ஜின்’ என்றார்கள்.
ஜூனிபர் மட்டும் மண்ணில் விளையவில்லை,
பெட்டியில் வந்தது.
கிளாஸ் இருபத்தெட்டு வெள்ளி.
வெள்ளரித் துண்டுக்குக் காசில்லை.

இந்த வருஷம் மெஸ்கல் கேட்கிறார்கள்.
போதையே இல்லாத ஏதோ ஒன்றையும் கேட்கிறார்கள்,
அதே இருபத்தெட்டுக்கு.
மூன்று மாதமாய் முப்பது பாட்டில்
ஒரு விரலும் இறங்கவில்லை.
பன்னிரண்டை வைத்துக்கொள், மிச்சத்தைத் தள்ளு,
குவெக்கின் குறுஞ்செய்தி.
கடைசியில் ஒரு சிரிப்புப் படம்.

‘இதுல அப்டி என்னக்கா இருக்கு?’

மூடியளவு ஊற்றிக் கொடுத்தேன்.
நேற்றுத் தேக்காத் திடலில்
பீர் கேனைத் திறக்கப் போனவனை
திங்கள் காலை ஏழு மணி வரை கூடாதென்று
எழுப்பி அனுப்பினார்களாம்.
இப்போது மணி பதினொன்று. பரவாயில்லை.

முகர்ந்தான்.
மூடியைத் திருப்பி அடியைப் பார்த்தான்.
மறுபடி முகர்ந்தான்.

‘அட, கோடாலித் தைலம்!’

ஊருக்குக் கொண்டுபோக இரண்டு டஜன்
டார்மிட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம்.
அத்தை வீட்டுக்கு நாலு, வாத்தியாருக்கு ஒன்று.
‘இதுக்கா இருபத்தெட்டு வெள்ளி?’
சிரித்த சிரிப்பில் மூடி தளும்பியது.

குடிக்கவில்லை.
விரலை நனைத்து
இரண்டு நெற்றிப்பொட்டிலும் தேய்த்துக்கொண்டான்.
‘கொஞ்சம் எரியுது. நல்லாத்தான் இருக்கு.’

டிரில் தயார்.
முதல் திருகு தரையில் விழுந்து உருள,
அவன் எழுதிய முத்தெழுத்துக்குக் கீழே
என் கோழிக் கிறுக்கலில் சேர்த்தேன்:
சிந்தியது, ஒரு மூடி.