கால் பங்கு

இலகாகாவில் விடியும் முன்பே
பிளாஸ்டிக் தாளைச் சுருட்டித் தைத்த
நீளக் குழாயின் வாய் என் மடியில்.
பதினெட்டு மீட்டர் கீழே, மறுவாயில் ஸிவெரி.
‘தொலையாதவன்’ என்று பொருள் அந்தப் பெயருக்கு.
பெற்றவள் யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.

சாக்கை விரித்தால் காற்று,
அமுக்கினால் அவனுக்கு மூச்சு.
விரி, அமுக்கு. விரி, அமுக்கு.
தூக்கத்திலும் என் தோள் இதையே செய்கிறது,
பக்கத்தில் படுத்த குழந்தை எழுந்து அழும்.

போன வாரம் ஒரு நீலம் அகப்பட்டது.
பாசிப்பயறு அளவு.
வெயிலுக்கு எதிரே பிடித்தால்
உள்ளே ஒரு மயிரிழை விரிசல்.
அரிசி தந்த முதலாளிக்குப் பாதி,
வெட்டியவனுக்குக் கால்,
கயிறு இழுக்கும் அவன் தம்பிக்குக் கால்.
எனக்கு ஒரு தட்டுச் சோறு.
“காற்று சும்மாதானே கிடைக்கிறது!”
முதலாளி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

இன்று உச்சிவெயிலில்
தம்பி தண்ணீர் கொண்டுவரப் போனான்.
சாக்கைத் தரையில் வைத்தேன்.
கை வலி என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
குழாய் வயிறு ஒட்டிப் படுத்தது.
புல்வெளியில் ஒரு திமில்மாடு
அசைபோடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தது.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதில் கயிறு ஆடியது.
ஐம்பத்தொன்றில் மண்ணுக்குள்ளிருந்து குரல்:
“வுலாசுவா! எவ்வளவு வேண்டும்?”

“கால்.”

“யாருடைய காலிலிருந்து?”

நல்ல கேள்வி.
யோசிக்க
இரண்டு பேருக்கும் மூச்சு வேண்டும்.
சாக்கை எடுத்தேன்.