பதினான்காம் அறை

குஷிரோ துறைமுகத்தை மூடுபனி விழுங்கும்
செவ்வாய்க்கிழமைகளில் இசோனோ வருவாள்.
பதினான்காம் அறை, இரண்டு மணி நேரம்,
ஒரு மெலன் சோடா.
கரோக்கே இயந்திரத்தைத் தொடவே மாட்டாள்.

பெட்டியின் கொக்கி விடுபடும் சத்தம்.
பிறகு ட்ரம்பெட், தன்னந்தனியே.
பக்கத்து அறையில் மீன் ஏலக்காரர்கள்
காதல் தோல்வியைக் கத்தித் தீர்க்க,
இவளுக்கோ ஒரே சுரம்.
இழுத்து இழுத்து
அறுந்துபோகும் இடத்தில் நிறுத்துவாள்.

தம்பி எழுதியதாம்.
ஒசாகாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
தாளில் பாதி வெள்ளை.

ஒருநாள் உள்ளே வெகுநேரம் ஒன்றுமில்லை.
கிளம்பப்போகிறாள் என்று நினைத்துப் போன் செய்தேன்:
"இன்னும் பத்து நிமிடம்தான்."
"வாசித்துக்கொண்டிருந்தேனே" என்றாள்.
கோபமில்லை.
"நாற்பது நொடி.
உதட்டிலிருந்து எடுக்கவும் கூடாது."

அடுத்த செவ்வாய், அதே இடம் வந்ததும்
கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமல் நின்றேன்.
ஏலக்காரர்கள் சிகரெட்டுக்கு வெளியே போயிருந்தார்கள்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
வெளியே எங்கோ ஒரு கப்பல் ஊதியது.
அது ஓயும்வரை இருந்துவிட்டு
அரைச் சுரம் கீழே
பதில் கொடுத்தாள்.

தாளில் அப்படி இல்லையாம்.

சோடாவுக்குக் காசு வாங்க
மறந்துபோனேன்.