அரை அங்குலம்

அட்லாண்டாவிலிருந்து மகன் அனுப்பிய குழாய்
வெல்வெட் பையில் வந்திருக்கிறது.
அன்னக் கழுத்து, மங்கிய பொன் நிறம்.
தலையைப் பிடித்து இழுத்தால் கூடவே வருகிறது,
விட்டால் தானாகத் திரும்பிப் போகிறது.

"ஆறு மணிக்குக் கிரீசன் வீடியோவில் வருவான்,
அதுக்குள்ள முடிச்சிடும்மா"
என்றார் திருமதி கமலோச்சனி படையாச்சி.
மணி பத்துதான். சிரித்தேன்.
தொங்காட்டில் இருபத்திரண்டு வருடம்
பாத்திரத் தொட்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவள் நான்.

பெட்டியில் போட்டிருக்கிறது: அரை அங்குலம்.
சுவரிலிருந்து வரும் என் ஹோஸும் அரை அங்குலம்.
அளந்து பார்த்தால்
இரண்டிலும் எங்கேயும் அரை அங்குலம் கிடையாது.
இருபத்தொரு மில்லிமீட்டர், ஒரு மயிரிழை கூடக்குறைய.
எந்தக் காலத்துக் குழாயின் வயிறோ
அரை அங்குலமாக இருந்திருக்கிறது,
பெயர் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது,
முதலியார் மூட்லியாகி நடப்பதுபோல.
இல்லை, அது ஓர் எழுத்தரின் காதில் நடந்த விபத்து.
இது வேறு.

நட்டை வைத்துத் திருகினேன்.
முதல் சுற்றில் சொந்தக்காரன்போல் உள்ளே போனது.
இரண்டாவதும் போனது.
மூன்றில் முனகியது.
அப்புறம் அசையவில்லை.

அங்குலத்துக்குப் பதினான்கு மரை அங்கே,
இங்கேயும் பதினான்கு.
அவர்கள் மரையின் பள்ளம் அறுபது பாகையில் விரிகிறது,
நம்முடையது ஐம்பத்தைந்தில்.
இந்த ஐந்து பாகை கண்ணுக்குத் தெரியாது,
நகத்தால் நெருடினாலும் தெரியாது.
தண்ணீருக்குத் தெரியும்.

பொருந்தவே பொருந்தாத சாமான் நல்ல சாமான்,
முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.
மூன்று சுற்று உள்ளே போய் நிற்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.
வெள்ளை டேப்பைத் தடியாகச் சுற்றி
பெரிய ஸ்பேனரில் முழு எடையும் போட்டால்
இன்றைக்கு நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமை அலமாரிப் பலகை உப்பியிருக்கும்.
அப்படிச் செய்திருக்கிறேன், ஆரம்பத்தில், இரண்டு வீடுகளில்.
அந்தத் தெருக்களில் இன்றும் வண்டியை வேகமாக ஓட்டுவேன்.

நான்கு கடை ஏறி இறங்கினேன்.
ஒருவன் டப்பாக்களையெல்லாம் கல்லாவில் கொட்டிவிட்டு
எது எந்த டப்பா என்று தெரியாமல் விழித்தான்.
மூன்று மணி வெயிலில் எனக்கே மரை கழன்றது.

லேத் பட்டறையில் ம்டுடுசி
இரண்டு முனைகளையும் மாறி மாறித் தடவினான்,
ஒன்றும் கேட்கவில்லை.
பித்தளைத் தடியை மாட்டினான்.
உள்ளே அவர்கள் மரை,
திருப்பிப் போட்டு வெளியே நம் மரை.
சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று.
சூடு ஆறுமுன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து ஐம்பதுக்குக் கடைசி நட்டு இறுகியது.
கைப்பிடியைத் தூக்கினேன்.
ஒன்றும் வரவில்லை.

"ஓ, காலையிலேயே நிறுத்திட்டாங்களே" என்றார்,
அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை.
வாளிகள் வரிசையாக நிரம்பித்தான் இருந்தன,
பழைய குழாயும் அவற்றைப் பார்த்தபடியேதான் இருந்திருக்கும்.

மகன் வந்தான், கண்ணாடிக்குள் பெரிய மூக்கோடு.
"திறங்கம்மா, பார்க்கலாம்!"
அவர் குழாயின் கழுத்தை மட்டும் காட்டித் திறந்தார்.
குழலுக்குள் அடைபட்ட காற்று
உஸ்ஸென்று நீளமாக வந்தது.
"கேட்குதாடா?"
"கேட்குதும்மா! செம பிரஷர்."
என்னைப் பார்த்தார்.
நான் தொட்டிக்கு அடியில் குனிந்து
எதையோ தேடுவதுபோல் தேடினேன்.

பில்லில் என்ன அளவென்று போடுவது?
'பித்தளை, இரண்டு' என்று எழுதி
தொகைக்கு மட்டும் இடம் விட்டேன்.
கசியுமா என்றார்.
தண்ணீர் வந்தால்தானே தெரியும்.

இரவு இரண்டே முக்காலுக்குப் போன்.
பேச்சில்லை, தொட்டியில் விழும் சத்தம் மட்டும்.
வேண்டுமென்றே திறந்துவைத்துப் படுத்திருக்கிறார்.
"கேட்குதா?"
"கேட்குது. கீழே கதவைத் திறந்து
இரண்டு பித்தளைக்கும் அடியில் கை வச்சுப் பாருங்க."

போனை எங்கோ வைக்கும் ஒலி.
முழங்கால் தரையில் ஊன்றும் ஒலி.
என் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.