காலி எடை

புதுவயலில் காற்றுக்குத் தவிட்டு நிறம்.
ரைஸ் மில் எடைமேடைக் கூண்டில் என் நாற்காலி.
லாரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும், மறுபடி எழுதுவேன்.
முதலதில் இரண்டாவது போக மிச்சம் நெல்.
பதினாறு வருஷமாக எனக்குப் பிழைக்காத கணக்கு இது ஒன்றுதான்.

நாலு மணிக்கு ஒருதரம் கைப்பேசி அதிரும்.
பூட்டிய டிராயரைத் திறந்து
பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுவேன்.
உறை பிரிக்காத பன்னிரண்டாம் நம்பர் குழாய்,
மரக்க வைக்கும் ஜெல், ஈரத்துணி,
மூலை உடைந்த கைக்கண்ணாடி.
லோடுமேன் பூமிநாதன் ஒருநாள்
"ஒரு பிஸ்கட் குடுக்கா" என்றான்.
தீந்து போச்சு என்றேன்.
நாலு மாதமாகத் தீர்ந்துகொண்டே இருக்கிறது.

கழிப்பறை கொதிகலனுக்குப் பின்னால்.
தாழ்ப்பாள் நிற்காது;
வாளியை நிறைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.
சோப்பு. கை. மறுபடி சோப்பு.
ஜெல் வைத்தபின் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும்.
வெளியே ஹாரன் அடிப்பவனுக்கு அது தெரியாது.
முதலில் நானும் பொறுக்கவில்லை.
ஆறாவது நிமிஷம் அவசரப்பட்டேன்,
உள்ளே யாரோ தீக்குச்சி உரசினார்கள்.
சாயங்காலம் வரை அது அணையவில்லை.

காரைக்குடியில் ஆரோக்கியசெல்வி சிஸ்டர் சொன்னது:
"முட்டாதீங்க. வழியில படுத்திருக்கிற நாய்னு வச்சுக்கங்க.
மிதிச்சா கடிக்கும்.
அது நின்னா நீங்களும் நில்லுங்க.
மூச்சை வெளிய விட்டுக்கிட்டே லேசா ஒரு இருமல்.
அதுவா எந்திரிச்சு ஒதுங்கும்."

இருமுகிறேன்.
வலிக்கு முன்னால் வேறொரு வலி உண்டு,
வரப்போகிறது என்கிற வலி.
தொடைகள் அதற்குத்தான் முதலில் இறுகும்.
தளர்த்துவதற்கு
காலையில் வந்த வண்டிகளை வாய்க்குள் சொல்வேன்:
டிஎன் அறுபத்துமூன்று, பழைய லேலண்ட்.
டிஎன் ஐம்பத்தைந்து, புதுக்கோட்டைக்காரன், தார்ப்பாய் கிழிசல்.
டிஎன் நாற்பத்தொன்பது
என்று தொடங்குவதற்குள்
குவளையில் சத்தம் கேட்டுவிடும்.

அதோடு முடிவதில்லை.
காலியாகக் காலியாகப் பை தன்னையே பிழிந்துகொள்ளும்.
முதல் முந்நூறு மில்லியைவிட
கடைசி முப்பதுதான் கனம்.
அப்போது இழுக்கக் கூடாது.
சுவரில் உள்ளங்கை.
குழாய் ஒரு விரற்கடை, மூச்சு ஒன்று.
இன்னொரு விரற்கடை.

கோட்டையூரில் முதலாளி வீட்டுக் கல்யாணம்.
பந்தியில் மிளகும் புளியும் தக்காளியும்
எனக்கெதிராகக் கூட்டுச் சேர்ந்திருந்தன.
வெள்ளைப் பணியாரம் மூன்று, சட்னி இல்லாமல்.
"காரம் ஆகாதா?" என்றான் பரிமாறியவன்,
ஊரையே நான் வைதுவிட்ட மாதிரி.
அந்த வீட்டில் அறுபத்திரண்டு கதவுகள்,
எண்ணிக்கொண்டுதான் நடந்தேன்.
எனக்கு வேண்டியது கடைசிக் கட்டுக்கும் வெளியே இருந்தது.

டாக்டர் நோட்டு போடச் சொன்னார்.
நேரம், மில்லி, வலி.
வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று போடணுமாம்.
கை பழகிய மாதிரி எழுதினேன்.
செவ்வாய் ஒன்பது டன். புதன் ஆறரை.
வியாழன் பதினொன்று, மழையில் நனைந்த மூட்டை.
டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.
சிஸ்டர் சிரித்துவிட்டு,
"சரி, காலி எடை எவ்வளவு?" என்றாள்.

லாரிக்கு அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும்.
எனக்கு நினைவில்லை.
ஒன்றுமே ஏற்றாமல் கடைசியாக எப்போது நின்றேன்?

நேற்று மதியம்
இருமல் இல்லாமலே வழி கிடைத்தது.
கடைசி முப்பதும் சும்மா இறங்கியது.
நம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
எங்கோ ஒளிந்திருக்கும், வரும் என்று.
வாளியில் தண்ணீர் ஆடி அடங்கியது.
கதவுக்கு அப்பால் பூமிநாதன் கத்தினான்:
"அக்கா, லாரி நிக்குது!"

நிக்கட்டும் என்றேன்.