சுமை 9.12

அரவேணு தாண்டி மூன்றாவது வளைவில்
எங்கள் தேயிலைத் தொழிற்சாலை.
மேகம் ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்து
ரசீதுக் கட்டையெல்லாம்
அப்பளம் மாதிரி நமக்க வைத்துவிட்டது.
ராத்திரி எட்டரை. மாதக் கடைசி.
இலை கொடுத்த இருநூற்றுப் பதினோரு பேருக்கும்
காலைக்குள் பட்டியல் போக வேண்டும்.
அம்புக்குறியைத் தள்ளினால்
நகர்வதா வேண்டாமா என்று யோசிக்கிறது.

"பிராசசர் போயிருச்சு" என்றார் தர்மசேகர்,
ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுக்காமல்.
"ஓசி லினக்ஸ் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

வண்ணக்கோடு ஓடும் சன்னலைத் திறந்தேன்.
நாலு கோர், நாலு நிறம்,
நாலும் தரையோடு தரையாக.
உழைப்பு நாலு சதவீதம்.
அதிலும் மூன்று
இந்தச் சன்னல் தன்னைத்தானே வரைந்துகொள்ளத் தின்றது.
மூடினேன்.

போன வாரம் இதே இயந்திரத்தில் ஒரு புரோகிராம்
முந்நூற்றுத் தொண்ணூறு சதவீதம் காட்டியபோது
நூறுக்கு மேல் எப்படி என்று பதறி வந்தார்.
கோருக்கு நூறு, நாலுக்கு நானூறு என்றேன்.
"அப்ப இன்னும் பத்து பாக்கி இருக்கா"
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் திரும்பிப் போனார்.

இன்று கறுப்புத் திரையில்
டாப் என்று தட்டினேன்.
முதல் வரியின் ஓரத்தில்
சுமை: 9.12.
வேலையே நடக்காத வீட்டில்
இவ்வளவு சுமை யாருடையது?

வரி வரியாகக் கீழே இறங்கினேன்.
ஒன்பது பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும்
சிபியு பூஜ்யம்,
நிலை டி.
டி என்றால் எழுப்ப முடியாத உறக்கம்.
உறக்கம் என்பதும் சரியில்லை,
டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு
நீட்டிய கையை மடக்காமல் நிற்பது.
கொல் என்று ஆணையிட்டேன். சாகவில்லை.
ஒன்பதாம் எண் போட்டுக் கொல் என்றேன்.
அதற்கும் சாகவில்லை.
காத்திருப்பவன் சாவதற்கும்
அவன் கேட்ட பதில் வந்தாக வேண்டும் போல.

குன்னூரிலிருந்து ஆரோன், ஃபோனில்:
"சிபியுவ விடுங்கக்கா, அது சும்மாதான் இருக்கு.
பேக்கப் டிஸ்க்க எங்க வெச்சிருக்கீங்க?"

பீரோ மேல்.
கேபிள் முனை மேகத்தைக் குடித்திருந்தது.

நாற்காலியில் ஏறி நின்றபோது
வெண்டிலேட்டர் வழியே எடைமேடை தெரிந்தது.
போஜன் தராசுத் தட்டிலேயே உட்கார்ந்து
கடலை உரித்துக்கொண்டிருந்தான்.
"பாத்தியா, இன்னைக்குக் கூட்டமே இல்ல" என்று
தர்மசேகர் சாயங்காலம் சொன்னது அவனைப் பார்த்துத்தான்.
கேட்டுக்கு வெளியே, பனிக்குள்,
விளக்கணைத்த பிக்கப் வண்டிகள்.
எண்ணினேன். பதினொன்று.
ஒன்பதாக இருந்திருந்தால்
இந்தக் கவிதைக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாடியில் வாடல் தொட்டிகள் நிரம்பி வழிகின்றன,
அதனால் எடை இல்லை,
அதனால் போஜன் சும்மா.
பெள்ளியின் வண்டி ஐந்து மணிக்கு வந்தது.
கட்டிய மூட்டைக்குள் கைவிட்டால்
காய்ச்சல்காரன் அக்குள் மாதிரி இருக்கும் இந்நேரம்.
மேடை ஏறும்போது இலை சிவந்திருக்கும்.
சிவந்த இலை, எட்டு சதவீதம் கழிவு.
எழுதுவது நான்தான்.

முந்தானையால் துடைத்துக் கேபிளைச் செருகினேன்.
ஒவ்வொன்றாக எழுந்து போயின,
ஒன்பதும், பதினெட்டு விநாடிக்குள்.
எண் மட்டும் இறங்க மறுத்தது.
8.39. 7.72. 7.10.
சராசரி அல்லவா,
முடிந்துபோனதைக் கொஞ்ச நேரம் சுமக்கும்.
பதினைந்து நிமிடக் கணக்கு
இன்னும் மெதுவாக மறக்கும்.

எங்கள் ரிஜிஸ்டரில்
பெயர், எடை, கழிவு, நிகர எடை.
வந்த நேரத்துக்குப் பத்தி கிடையாது.

டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
வண்டி வண்டியாகக் கேட்டு
பெயருக்கு முன்னால், மார்ஜினில், பென்சிலால்:
பெள்ளி 5.05.
சிலர் கண்ணாடியை முழுக்க இறக்கவில்லை.
மாசி மட்டும், "இதுக்குக் காசு வருமா?"
தெரியாது என்றேன்.
தலைப்பு போடவில்லை.
தர்மசேகர் கேட்டால் என்ன சொல்வது என்று
இன்னும் யோசிக்கவில்லை.

பத்தேகாலுக்குப் பெள்ளியின் மூட்டை ஏறியது.
போஜன் எடையைக் கத்தினான்.
கழிவுப் பத்தியில் பேனாவை வைத்தேன்,
ஈரத் தாளில்
மை ஒரு புள்ளியாக அகலத் தொடங்கியது.