உறவினரல்லாத இருவர்

களுவாஞ்சிகுடிக் கடையில் டைப் அடிக்கும் நிதுர்ஷன்
ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொன்னான்.
அடக்கியாச்சு.
தோணி வலிக்கத் தெரியும் என்பது போச்சு.
ஆடைத் தொழிற்சாலை, தரம் பார்ப்பவள், நாலு வருஷம்:
அது தடித்த எழுத்தில் மேலே ஏறிற்று.

இடறினது கடைசி வரி.
உறவினரல்லாத இருவர்.

அதிபர் எங்கள் குடி.
கிராம சேவகர் மச்சான் முறை.
தபால்காரருக்குச் சின்னம்மாவின் மகளைப்
பேசி முடித்தது போன கிழமை.

"சும்மா ரெண்டு பேர் போடவா அக்கா?"
பொறு தம்பி.

பழைய சூப்பர்வைசர் சந்தமாலி, அம்பாறை. ஒன்று.
மற்றது எழுது:
றிஸ்கான்.
வியாழன்தோறும் கடன் தவணைக்கு
எங்கள் கேற்றடியில் பைக்கை நிறுத்துகிறவர்.
ஒருநாளும் அவர் இரண்டாம் தரம் ஹோன் அடித்ததில்லை.

தெரிந்த காலம்:
நூற்றி நாலு வியாழன்.
அதையும் தடித்த எழுத்தில் போடு.