மேம்பாலத்தில் நான்காம் நாள்

வேளச்சேரி மேம்பாலத்தின் இடதோரம்
நாலு நாளாக நிற்கிறது என் பழைய வேகன் ஆர்.
முன்னால் முகம் பெரிய கறுப்பு வண்டி ஒன்று,
பின்னால் தண்ணீர் கேன் ஏற்றும் குட்டியானை.
புயல் என்றதும்
ஊரே மேடு தேடி நிறுத்திய வரிசை.
எங்கள் தெருவில் இடுப்பளவு இருந்தது,
இன்று முழங்கால்.
துப்பட்டா முனையில் சாவியை முடிந்துகொண்டு
செருப்பைக் கையில் பிடித்து ஏறி வந்தேன்.

கிர்ர் கிர்ர் கிர்ர்.
சுற்றுகிறது. பற்றவில்லை.

தஸ்தகீர் பாய்க்கு அடித்தேன்.
ஃபோனில் பதினொரு சதவீதம்.
"சொல்லும்மா" என்றார்.
பின்னால் யாரோ வாளியால் இறைக்கும் சத்தம்.
முடிச்சூர் ஷெட்டில் அவர் தண்ணீரில் நிற்கிறார்,
ஜாக்கி, ஸ்பானர் பெட்டி,
மூன்று பேர் நம்பிக் கொடுத்த வண்டிகள்
எல்லாம் அதற்குள்.
"அத்த வுடு. உன் வண்டி இன்னா சொல்லுது?"

ஃபோனை பானெட் மேல் வைக்கச் சொன்னார்.
இன்னொரு தரம் சாவி.
"பேட்டரி நல்லாக்கீது, அதும்மேல பழி போடாத.
இப்ப ஸ்டார்ட் பண்ணாம
சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்பு.
பின்சீட்டாண்ட காத வை."

வைத்தேன்.
ஒரு பஸ் கடந்தது, பாலம் அதிர்ந்தது.
மறுபடி திருப்பி, மறுபடி வைத்தேன்.
ம்ம்ம் என்று இரண்டு நொடி,
தூக்கத்தில் எதற்கோ சம்மதிப்பதுபோல்.
"அப்ப பெட்ரோல் வருது. நெருப்புதான் வர்ல.
பானெட்ட தொற."

ஏழு சதவீதம்.

திறந்ததும் நெடி.
பானெட்டின் உள்பஞ்சைப் பிய்த்து
பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கூடு.
பால் கவர் துணுக்கு,
தேர்தல் நோட்டீசில் யாரோ கும்பிடும் கைகள் மட்டும்,
நடுவில் ரோஸ் நிறத்தில் நான்கு,
கண் திறக்காமல்,
சுண்டுவிரல் அளவுகூட இல்லாமல்.

"எலி, பாய்."
"வயரப் பாரு."
"குட்டி போட்டிருக்கு பாய்."
"குட்டி நெருப்பு குடுக்காது. வயரப் பாரும்மா."

அவர் சொன்ன கறுப்புக் குழாயை
விரலால் தடவிக்கொண்டே இறங்கினேன்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
பல் பட்ட இரண்டு முனைகள், செம்பு பளிச்சென்று.
"டேப்பு கீதா?"
இல்லை. கைப்பையில் நகவெட்டி,
செருப்புக் கடிக்கு வாங்கிய பிளாஸ்திரி இரண்டு.
"போதும். சாவிய எட்த்துடு மொதல்ல.
செவப்புக்கு செவப்பு, கறுப்புக்கு கறுப்பு.
நல்லா முறுக்கி ரெண்டும் தொடாம—"

ஃபோன் அணைந்தது.

தொடாமல் முறுக்கினேன், தனித்தனியாகச் சுற்றினேன்.
காயத்துக்குப் போடுவதைவிட
இறுக்கமாகவே போட்டேன்.

கூட்டை டிபன் மூடியில் ஏந்தியபோது
கைப்பிடிச் சுவரின் வடிகால் துளையில்
ஒரு மூக்கு அசைந்தது, மீசையோடு.
எந்தத் தெருவிலிருந்து ஏறி வந்தாளோ.
கறுப்பு வண்டியின் பம்பர் இடுக்கில்
மெதுவாகச் சரித்து வைத்தேன்.
அதன் வைப்பரில் ஒரு சீட்டு செருகலாமா என்று
கொஞ்சம் யோசித்தேன்.
செருகவில்லை.

மூன்றாவது கிர்ரில் பிடித்துக்கொண்டது.

போக இடமில்லை.
இருபுறச் சரிவின் அடியிலும் தண்ணீர்தான்.
உட்கார்ந்தபடி சார்ஜரைச் சொருகினேன்.
இரண்டு சதவீதம் வந்ததும் அடித்தேன்.
"பாய், வண்டி—"
"தெரியுது, கேக்குது."
அந்தப் பக்கம் வாளி நின்றிருந்தது.
"வைக்கட்டுமா பாய்?"
"வெக்காத. வண்டியயும் ஆஃப் பண்ணாத.
கொஞ்ச நேரம் கேக்கறேன்."